அம்மப்பாவின் கசெட்டும் என் டிஜிட்டல் பியானோவும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் எங்கள் வீடு. பியானோ வாங்கும்போதே டிஜிட்டல்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். யன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும் கடற்காற்று இது. உள்ளே இருநூறுக்கு மேல் உலோகத் தந்திகள் இருக்கும் பெரிய பியானோவை இங்கே வைத்துக் காப்பாற்ற என்னால் முடியாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வேறு. இரவு வேலையால் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வாங்கி மூன்று வருஷமாகியும் அதன் இடது ஓரத்தில் இருக்கும் யூ.எஸ்.பி துளையை நான் தொட்டதில்லை. தொட வைத்தது அம்மாவின் அலுமாரியில் இருந்த ஒரு கசெட்.

அறுபது நிமிடக் கசெட் அது. ஏ பக்கத்தில் அம்மப்பா தேவாரம் பாடியிருக்கிறார். 1993இல் யாழ்ப்பாணம் இணுவிலில் பதிந்தது. கனடாவுக்குப் போயிருந்த பெரியம்மாவுக்கு அனுப்பத்தான் பதிந்தார்களாம், ஆனால் அனுப்பக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அம்மப்பா காலமாகிவிட்டார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இணுவிலைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுக்கப் போருக்குப் பயந்து வீதியில் இறங்கி நடந்த அந்த இடப்பெயர்வில், அம்மா எடுத்து வந்த ஒரு துணிப்பைக்குள் அதுவும் இருந்தது. முப்பது வருஷமாகக் கனடாவுக்குப் போகாத அந்தப் பாட்டை, பியானோவில் கொஞ்சம் துணை வாசித்து, பெரியம்மாவின் பிறந்தநாளுக்கு அனுப்புவோம் என்று தோன்றியது.

முதலில் சுலபமான வழியைத்தான் பிடித்தேன். தெரிந்த ஒருவரிடம் கசெட் பிளேயரை இரவல் வாங்கி அதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து பியானோ வாசித்து, இரண்டையும் ஃபோனில் பதிந்தேன். கேட்டால் மின்விசிறியின் சத்தம்தான் முன்னுக்கு நிற்கிறது. மூன்றாம் நிமிடத்தில் கரையோர ரயில். ஆறாம் நிமிடத்தில் கீழே ஒழுங்கையில் சூன் பாண் ஓட்டோ. கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பாணும் பணிசும் விற்கும் அந்த ஓட்டோக்கள் பீத்தோவன் 1810இல் எழுதிய ஃப்யூர் எலீஸை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டுதான் வரும். அம்மப்பா ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கும் சரியான இடத்தில் அது வந்து விழுந்தது.

சரி, பியானோவுக்குள்ளேயே பதிவோம் என்று கையேட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். பியானோ தன் ஒலியைத் தானே நேராகக் கோப்பாக எழுதும்போது இடையில் மைக் கிடையாது. அறைக்குள் மின்விசிறி சுற்றினாலும் ஓட்டோ வந்தாலும் கோப்புக்குள் வராது. இரவு ஒரு மணிக்கு ஹெட்போனோடு இருந்தே பதியலாம். மூன்று வருஷமாக இது என் முன்னால் இருந்திருக்கிறது.

பதிவு பொத்தானை அழுத்தி வாசித்தேன், நிறுத்தினேன், கோப்பைப் பார்த்தேன். சில கிலோபைட்தான். அதைப் பெரியம்மாவுக்கு அனுப்பிப் பார்த்தேன்; அவவின் ஃபோனில் திறக்கவே இல்லை. காரணம், நான் பதிந்தது மிடி. அதில் ஒலியே இல்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன், எவ்வளவு வேகமாக அழுத்தினேன், எப்போது விட்டேன் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அழுத்திய வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு எண். 1983இல் வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. பயிற்சிக்கு மிடி அருமையானது: வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், பிழையான ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம், பியானோ ஒலியில் வாசித்ததை ஓர்கனாக மாற்றலாம். ஆனால் அது சமையல் குறிப்பு மாதிரி, சோறு இல்லை. அம்மப்பாவின் குரலுக்கு எண் கிடையாது. எனக்கு வேண்டியது ஒலி, அதாவது வேவ் கோப்பு.

அதற்குப் பென் ட்ரைவ் வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் போய் 64 ஜி.பி ஒன்று வாங்கி வந்தேன். பியானோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த அளவு ட்ரைவ்கள் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கு முறையில்தான் வரும். என் பியானோவுக்கு ஃபேட்32 என்ற பழைய முறைதான் தெரியும். ஒஃபிஸ் பைக்குள் கிடந்த பழைய 8 ஜி.பி ட்ரைவைச் செருகி, பியானோவிலேயே ஃபோர்மட் செய்தேன். உடனே வேலை செய்தது. நிமிடத்துக்குப் பத்தரை எம்.பி அளவில் எடுக்கும் வேவ் கோப்புக்கு 8 ஜி.பி தாராளம்: பன்னிரண்டு மணித்தியாலம் பதியலாம்.

அடுத்தது கசெட்டைக் கோப்பாக்குவது. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் போட்டு லப்டொப்புக்கு எடுத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்தேன். லப்டொப் சார்ஜரில் இருந்தபோது அடியில் ஒரு தடித்த ரீங்காரம் வந்தது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் ஓசைதான் அது. சார்ஜரைக் கழற்றியதும் போய்விட்டது. சத்த அளவை உச்சத்தில் வைக்காமல், உரத்த இடங்கள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அளவு மீறி ஒருமுறை வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு யாராலும் சரியாகத் திருப்பி எடுக்க முடியாது.

கோப்பு பென் ட்ரைவில் தெரிந்தது, ஆனால் பியானோ வாசிக்க மறுத்தது. அதற்கும் அரை நாள் போனது. என் லப்டொப் 48 கிலோஹேர்ட்ஸில், அதாவது ஒலியைச் செக்கனுக்கு 48,000 தடவை அளந்து, பதிந்திருந்தது. பியானோவுக்கோ சீடீயின் அளவு மட்டும்தான் ஆகும்: 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. டிஜிட்டல் பியானோக்கள் பலவற்றின் பழக்கம் இது. வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை அப்படியே போட்டாலும் வாசிக்காது, அது ஓபஸ் என்ற வேறு வகை. கோப்பு பெயரோடு தெரிந்தும் ஓடவில்லையென்றால் முதலில் இந்த 44.1ஐப் பாருங்கள்.

கடைசியில் ஒரு இரவு பியானோவின் ஸ்பீக்கர்களிலிருந்து அம்மப்பாவின் குரல் வந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை. கசெட்டில் மங்கலாகக் கேட்ட குரல், பியானோவின் பெரிய ஸ்பீக்கரில் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

அவர் பாடியது பழம்பஞ்சுரம் என்ற பண். கர்நாடக இசையில் சங்கராபரணம் என்று சொல்வது. ஒரு கட்டையை, அதாவது சி சுரத்தை, ஸட்ஜமாக வைத்தால் எல்லாச் சுரமும் வெள்ளைக் கட்டைகளில் கிடைத்துவிடும். ஆனால் குரல் வெள்ளையிலும் சேரவில்லை, கறுப்பிலும் சேரவில்லை. ஃபோனில் டியூனர் செயலியை வைத்துப் பார்த்தேன்: பின்னால் ஒலிக்கும் சுருதிப்பெட்டியின் ஸட்ஜம் 141 ஹேர்ட்ஸ் அளவில் நின்றது. ஒன்றரைக் கட்டைக்கு, அதாவது சிக்கு அடுத்த கறுப்புக் கட்டைக்கு, கொஞ்சம் மேலே. எல்லாக் கட்டைகளையும் படிப்படியாக நகர்த்தும் ட்ரான்ஸ்போஸைப் பியானோவில் ஒன்று கூட்டி, எல்லாச் சுரங்களையும் ஒன்றாகச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் பொதுச் சுருதியை 440இலிருந்து 448க்கு ஏற்றினேன். சேர்ந்தது. ஆனால் சில இடங்களில் மட்டும் குரலும் சுருதிப்பெட்டியும் சேர்ந்து மெல்ல மேலே ஏறும், பிறகு இறங்கும். நாடா இழுபட்டுவிட்டது என்று நினைத்தேன். பின்னணியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தமும் விடாமல் இருந்தது. அதை மென்பொருளில் அழிக்கலாம் என்று குறித்து வைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஒரு நிமிடம் கேட்டா. முகத்தில் ஒன்றும் இல்லை.

"இது அப்பான்ர குரல் இல்லைப் பிள்ளை. ஆரோ பொடியன் பாடுற மாதிரிக் கிடக்கு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வருஷக்கணக்காகக் கேட்காததால் மறந்துவிட்டா என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் தடவை பதிந்துகொண்டிருக்கிறேன். முற்பகல் பதினொன்றரை தாண்டியிருக்கும். ஒன்பதாம் நிமிடம், இதுவரைக்கும் பிழை இல்லை. டப்பென்று எல்லாம் நின்றது. நாடு முழுவதும் கரண்ட் போன நாள் அது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று பிறகு அமைச்சர் சொன்னார். பதிவு முடிந்து நிறுத்தத்தை அழுத்தும்போதுதான் பியானோ கோப்பை ஒழுங்காக மூடி எழுதும். நடுவில் மின்சாரம் போனதால் அந்த ஒன்பது நிமிடமும் திறக்க முடியாத கோப்பாகக் கிடந்தது.

மின்விசிறி நின்று வீடு வெக்கையாகிவிட்டது. அம்மா குசினியிலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்தா. பதிந்தது போய்விட்டது என்று சொன்னேன்.

"அண்டைக்கும் கரண்ட் இல்லைத்தானே" என்றா.

"எண்டைக்கு?"

"இந்தக் கசெட் பதிஞ்ச அண்டைக்கு."

அப்புறம்தான் கதை வந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பட்டரியும் தடை. சனம் றேடியோ கேட்டது சைக்கிள் டைனமோவில். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால், டயரோடு உரசும் டைனமோ 6 வோல்ட் தரும். இடையில் டையோட் போட்டு அந்த மின்சாரத்தை ஒரு திசையாக்கி றேடியோவுக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். அம்மப்பா பாயில் இருந்து பாடினார். அம்மம்மா சுருதிப்பெட்டி போட்டா.

"நான்தான் பெடல் சுத்தினனான். கை உளைஞ்சா மெதுவாத்தானே சுத்தும். அப்பா கண்ணைக் காட்டுவார், வேகமாச் சுத்து எண்டு."

நான் பேசாமல் இருந்தேன். தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டிருந்தது. பெடல் மெதுவானால் றெக்கோடரின் மோட்டாரும் மெதுவாகும், நாடாவும் மெதுவாக ஓடிப் பதியும். அப்படிப் பதிந்ததை இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு விரைவாக ஓடும், குரல் மேலே ஏறும். நான் இழுபட்ட நாடா என்று நினைத்தது, அம்மாவின் கை களைத்த இடங்கள். முழுப் பாட்டுமே கொஞ்சம் உயரமாகக் கேட்டதற்கும் அதுதான் காரணம். ஒரு கை எவ்வளவு சுற்றினாலும் நாலு புதுப் பட்டரிக்குச் சமமாகுமா? அம்மா சொன்னது சரி. நான் கேட்டது அம்மப்பாவின் குரல் இல்லை.

'கிர்ர்' சத்தம் எதுவென்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

சரியான உயரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினா. அம்மம்மாவின் சுருதிப்பெட்டி. ஓரம் கறையான் அரித்திருந்தது, துருத்தியில் ஒரு இடத்தில் காற்றுப் போனது, ஆனால் நாக்குகள் பித்தளை. துருத்தியை மெல்ல அமத்தினேன். இருட்டிய மாரிக்காலத்து மணம் ஒன்று வெளியே வந்தது, பிறகு சத்தம். டியூனரில் 131.4 ஹேர்ட்ஸ். ஒரு கட்டைக்கு ஒரு மயிரிழை கூட. கசெட்டில் கேட்கும் பெட்டியும் இதே பெட்டிதான். அப்படியென்றால் 141 என்று கேட்பது 131.4 ஆக வேண்டும்.

மாலை கரண்ட் வந்ததும் ஓடாசிட்டியில் வேகத்தை 6.8 சதவீதம் குறைத்தேன். குரலின் உயரத்தை மட்டும் இறக்கும் வழி வேறு இருக்கிறது, அதை எடுக்கவில்லை. இங்கே வேகமும் உயரமும் ஒன்றாகத்தான் பிழைத்திருந்தன, ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். 11 நிமிடமாக இருந்த பாட்டு 11 நிமிடம் 48 விநாடி ஆனது. அவர் பாடிய நேரத்தில் 48 விநாடியை நாங்கள் அதுவரை கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அம்மா மறுபடி வந்து இருந்தா. முதல் அடி முடிய முன்பே, "ஓம், இது அப்பா" என்றா. அதற்கு மேல் கதைக்கவில்லை.

இனி என் பங்கு. ட்ரான்ஸ்போஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பொதுச் சுருதியை 442இல் வைத்தேன். அம்மம்மாவின் பெட்டியோடு பியானோ ஒட்டிக்கொண்டது. என் பியானோவில் ஒலிக்கோப்பை ஓடவிட்டு அதன் மேல் வாசித்தால், இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு புதுக் கோப்பாக எழுதும். பழைய கோப்பு அப்படியே இருக்கும், எத்தனை தடவையும் திரும்பத் தொடங்கலாம். அம்மப்பாவின் சத்த அளவையும் பியானோவின் சத்த அளவையும் தனித்தனியே வைக்கலாம். பியானோவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். கணினிக்கு வைத்திருந்த யூ.பி.எஸ்ஸை இழுத்து வந்து பியானோவுக்குக் கொடுத்தேன். இன்னொரு ஒன்பதாம் நிமிடத்தை இழக்க நான் தயாராக இல்லை.

என்ன வாசிப்பது என்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. தேவாரத்தின் கமகம் பியானோக் கட்டையில் வராது. அவர் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிப் போகும்போது, என் விரலுக்கு இரண்டு தனிப் படிகள்தான் இருக்கின்றன. அவரோடு சேர்ந்து மெட்டை வாசித்துப் பார்த்தேன், அந்தக் குரலில் ஆணி அடிப்பது போல இருந்தது. மேற்கத்திய முறையில் கோர்ட் வைத்தேன். பாட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. கடைசியில் இடது கையால் கீழே ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், அவர் ஒரு அடியை முடித்து மூச்சு எடுக்கும் இடங்களில். பெடலை அழுத்தி வைத்துத் தானாக அடங்கும்வரை விட்டேன். வலது கை இரண்டே இரண்டு இடத்தில்தான் வந்தது.

அம்மாவின் கை களைத்த இடங்கள் மீதம் இருந்தன. வேகத்தைப் பொதுவாகக் குறைத்தாலும் அந்த ஏற்ற இறக்கம் போகாது. கசெட்டின் ஸட்ஜம் 133க்கு ஏறும்போது என் ஸட்ஜம் 131.4இலேயே நிற்கும். இரண்டும் மோதி, செக்கனுக்கு ஒன்றரைத் தடவை 'வௌ, வௌ' என்று ஒலி அலையும். மென்பொருளில் அந்த இடங்களைத் துண்டு துண்டாக நேராக்கலாம். ஒரு இடத்தைச் செய்தும் பார்த்தேன், சுத்தமாக வந்தது. கேட்டுவிட்டு, திருத்தியதைத் திரும்ப எடுத்துவிட்டேன். 'கிர்ர்' சத்தத்திலும் கை வைக்கவில்லை. அந்த இடங்கள் வரும்போது பியானோவிலிருந்து கையை எடுத்தேன், அவ்வளவுதான். அங்கே மூன்று பேரும் தனியாக இருக்கிறார்கள்: பாடும் அம்மப்பா, துருத்தி அமத்தும் அம்மம்மா, பெடல் சுற்றும் அம்மா.

ஐந்தாம் தடவையில் சரியாக வந்தது. இரவு பதினொன்று தாண்டியிருந்தது. கோப்பு 125 எம்.பி. பெரியம்மாவுக்கு 192 கிலோபிட் எம்.பி.3 ஆக்கி, 17 எம்.பியில், வட்ஸ்அப்பில் ஆவணமாக இணைத்து அனுப்பினேன். வேவ் மூலத்தை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினேன். எம்.பி.3 அனுப்புவதற்கு மட்டும்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

அனுப்ப முன் அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. ஏழாம் நிமிடத்தில் நான் பியானோவிலிருந்து கையை எடுத்த இடம் வந்தது. பாட்டு மெல்ல மேலே ஏறி, ஒரு கணம் தடுமாறி, திரும்பக் கீழே வந்து நின்றது. அம்மா கண்ணைத் திறந்து ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினா.

"இதில கை மாத்தினனான், பிள்ளை."